எந்தக் கடல்

வலது மூளையில், உச்சிக்குக் கொஞ்சம் பின்னால்,
ஒரு வடை அளவுக்குச் செத்துப்போச்சு என்றார்
ஸ்டான்லி டாக்டரம்மா.
கண்ணில் பழுதில்லை.
இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்,
மறந்ததும் அவருக்குத் தெரியாது.

எனக்கு அது சோற்றுத் தட்டில் முன்னமே தெரிந்திருந்தது.
வலது பாதி வழித்துச் சாப்பிட்டாயிற்று.
இடது பாதியில் சங்கரா மீன்
முழித்துக்கொண்டு கிடக்கிறது.
"இன்னா நாகு, மீன் ஆக்கலையா?"
தட்டைச் சுற்றிவிட்டேன்.
"இப்பத்தான் வெச்சியா?"

நாற்பதடி கன்டெய்னரைக்
கண்ணாடியை மட்டும் பார்த்து
ரிவர்ஸில் செருகுகிறவர் கஜபதி.
ஹார்பர் முழுக்கச் சொல்வார்கள்.
இப்போது கக்கூஸ் கதவில் இடது தோளை இடித்துக்கொண்டு
"எவன்டா தள்ளுனது" என்கிறார்.

அவர் இடது கையைத் தூக்கி அவர் மடியிலேயே வைத்து
டாக்டரம்மா கேட்டார், இது யார் கை?
"மஸ்தானுது. நம்ம கிளீனர்.
தூங்கிட்டான் போல. எடுத்துக்கச் சொல்லுங்க, கனக்குது."
அந்தக் கையில் என் பேர் பச்சை குத்தியிருக்கிறது,
கல்யாணத்துக்கு முந்தின மாசித் திருவிழாவில்.
மஸ்தான் கையில் என் பேர் எதுக்குய்யா?
யோசித்தார்.
"அவனைத்தான் கேக்கணும்."

கண்ணை மூடிக்குங்க, என்றார் டாக்டரம்மா.
காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு லோடு.
வழியில் என்னென்ன வருது, சொல்லிட்டே போங்க.

கியர் போடுகிற மாதிரி ஒரு மூச்சு விட்டார்.
கடல். கொட்டி வைத்த கருங்கல்.
வலை காயுது. மாதா கெபி.
உடைஞ்ச ஃபைபர் போட்டு. கடல். கடல்.

பெட்ரோல் பங்க் வரவில்லை.
கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் வரவில்லை.
இருபத்தாறு வருஷமாக ரெண்டு ஹாரன் அடித்துத் தாண்டுகிற
எங்கள் சந்தே வரவில்லை.
நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சரி, லோடு இறக்கியாச்சு. திரும்பி வாங்க.

பஞ்சர் கடை. பாய் டீக்கடை.
பங்க், அதில் காத்து மெஷின் ரிப்பேர்.
பள்ளிக்கூடம். அம்மன் கோயில்.
அப்புறம் நம்ம சந்து, முனையில் அடிபம்பு.
"நாகு நிக்குது, பச்சைக் குடத்தோட."

கடல் எங்கே சார்?

"எந்தக் கடல்?"

வீடு பத்துக்குப் பத்து.
மாமியார் இருந்த வரை மாமியார், பிறகு பிள்ளைகள்,
சீட்டுப் பணம் கேட்டு வருகிறவர்கள்.
அழ ஓர் இடம் வாய்த்ததில்லை எனக்கு.
இப்போது அவருடைய இடப்பக்கம் இருக்கிறது.
வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை.
சுவரோரமாக அதில் குந்தி
அடகுச் சீட்டுகளை எண்ணுகிறேன்,
புடவை மாற்றுகிறேன்.
ஆடி கடைசி வெள்ளியன்று வாய்விட்டே அழுதுவிட்டேன்.

அவர் கழுத்தை வலப்பக்கம் நீட்டி
"எங்கியோ பொம்பள அழுவுது.
போய் இன்னான்னு பாரு நாகு."

கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து
அவர் வலப்பக்கம் நின்றேன்.
பாத்துட்டேன், ஒண்ணுமில்ல.

திங்கட்கிழமை வண்டி எடுக்கிறேன் என்கிறார்.
ஒவ்வொரு கிழமையும் சொல்கிறார்.
"எனுக்கு இன்னா கொற?"
வண்டியை முதலாளி வேறு ஆளிடம் கொடுத்து
மாசம் ரெண்டாகிறது.
அதுவும் இடப்பக்கத்திலேயே கிடக்கட்டும்.

தினம் இடப்பக்கம் நின்று கூப்பிடுங்க,
பழகட்டும், என்று சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.
ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.
என்னங்க.
வலப்பக்கம் திரும்பினார். இல்லை.
இன்னும் வலப்பக்கம்.
ஸ்டூலோடு தேய்த்து நகர்ந்து
காலண்டர், கேஸ் அடுப்பு, வாசல்,
பிள்ளைகளின் பை மாட்டிய ஆணி,
அறை முழுவதும் சுற்றி
வேர்த்து
கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார்.

"எங்கடி போயிருந்த இம்மா நேரம்?"

எண்ணூர் வரைக்கும், என்றேன்.